நிற்கத் தெரிந்த பின் இறங்குக!



உங்கள் மகனோ பேரனோ அமெரிக்காவிலோ கனடாவிலோ வளர்ந்து வருகிறானா? அப்படியாயின் ஒருநாள் அவன் உங்களிடம் வந்து, "வாப்பா, எனக்கு ஒரு லாங்போர்டு வாங்கித் தாருங்கள்" என்று கேட்கக்கூடும். நான்கு சக்கரங்கள் பொருத்திய நீண்ட பலகை அது. அதன் மீது நின்றவாறு சரிவான சாலையில் இறங்குவதே அவ்விளையாட்டு. "என்ன விலை?" என்பதே நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவன்று. "இதை எப்படி நிறுத்துவாய்?" என்பதையே அவனிடம் கேட்க வேண்டும்.

மிதிவண்டிக்குப் பிரேக் உண்டு. இந்தப் பலகைக்கு அது கிடையாது. சரிவு இழுக்கும் வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்தும் கருவி பலகையில் இல்லை. ஏறி நிற்பவனின் பயிற்சியில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பலகை, எந்தச் சக்கரம் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகிவிடும்.

வேகம் வந்த வரலாறு

கலிபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர்கள், கடலில் அலை எழாத நாட்களில் தெருவில் சறுக்கிப் பார்க்க விரும்பினர். 1950களில், உருளைச் சறுக்குக் காலணிகளின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் பொருத்தினர். அவை இரும்புச் சக்கரங்கள். அவற்றின் பின் களிமண் கலவையாலான சக்கரங்கள் வந்தன. இரண்டுமே சாலையைப் பற்றிக்கொள்ளாதவை. ஒரு சிறு கல் குறுக்கிட்டாலும் பலகை அங்கேயே நின்றுவிடும். ஆள் மட்டும் முன்னே போய் விழுவான்.

1970ஆம் ஆண்டு, பிராங்க் நாஸ்வொர்த்தி என்னும் இளைஞர், வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பாலியூரித்தேன் என்னும் மீள்தன்மை உடைய பொருளாலான சக்கரங்களைக் கண்டார். உருளைச் சறுக்குக் காலணிகளுக்கென்று செய்யப்பட்டவை அவை. அவற்றைத் தம் பலகையில் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது, சிறு கற்களின் மேல் அவை அமைதியாக ஏறி இறங்கின. வளைவுகளில் சாலையைப் பற்றிக்கொண்டன. 1973ஆம் ஆண்டளவில் அவர் அவற்றைக் 'கேடிலாக்' என்ற பெயரில் கலிபோர்னியாவில் விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் பலகைகளின் சக்கரங்கள் பெரும்பாலும் அதே பாலியூரித்தேனால் ஆனவையே.

நல்ல சக்கரம் கிடைத்ததும் வேகத்தின் மீது ஆசை பிறந்தது. லாங் பீச் நகரை ஒட்டிய சிக்னல் ஹில் என்னும் ஊரின் செங்குத்தான தெருவில் 1975 முதல் வேகப் போட்டிகள் நடத்தப்பட்டன. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவிலான வேகத்தை அங்கு இளைஞர்கள் எட்டினர். 1978ஆம் ஆண்டுப் போட்டியில் ஓட்டியவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் காயமுற்றனர். அத்துடன் அப்போட்டி முடிவுக்கு வந்தது. வேகம் கைக்கு வந்த அளவுக்கு நிறுத்தம் கைக்கு வரவில்லை. இன்று புதிதாகப் பலகை வாங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் நிலையும் இதுவேயாகும்.

நிறுத்தும் மூன்று வழிகள்

முதலாவது, காலால் நிறுத்துவது. முன்காலில் உடற்பாரம் முழுவதையும் தாங்கி, பின்காலைத் தரையில் மெல்லத் தேய்ப்பர். குறைந்த வேகத்திற்கு இது போதும். எளிதாகத் தோன்றினும், ஒற்றைக்காலில் நிலைத்து நிற்கப் பல நாள் பழக வேண்டும்.

இரண்டாவது, காற்றால் தணிப்பது. குனிந்து செல்பவன் நிமிர்ந்து நின்று இரு கைகளையும் அகல விரித்தால், மார்பில் மோதும் காற்று வேகத்தைக் குறைக்கும். குறைக்குமேயன்றி நிறுத்தாது.

மூன்றாவதே இவ்விளையாட்டின் உயிர்நாடி. பெர்க்லி மலைச்சாலைகளில் பழகிய கிளிஃப் கோல்மன் என்பவரின் பெயரால் 'கோல்மன் சறுக்கல்' என்று அதனை அழைப்பர். ஓட்டுபவன் நன்றாகத் தாழ்ந்து அமர்ந்து, கையுறை அணிந்த ஒரு கையைச் சாலையில் ஊன்றி, பலகையைக் குறுக்காகத் திருப்புவான். சக்கரங்கள் உருள்வதை விட்டுப் பக்கவாட்டில் தேய்ந்து செல்லும். வேகம் அந்த உராய்விலேயே கரைந்துவிடும். அந்தக் கையுறையின் உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதுவன்றி வெறுங்கையை ஊன்றினால் தோல் உரிந்துவிடும்.

சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கண்ணைக் கவர்வது பலகையின் ஓவியந்தான். ஆனால் சாலையைத் தொடுவது சக்கரம். ஆகவே, தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சக்கரத்தின் மேல் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். மில்லிமீட்டரில் குறித்திருப்பது விட்டம். பெரிய சக்கரம் கரடுமுரடான சாலையில் சுகமாக ஓடும். முழு வேகத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். சரிவில் இறங்குவோர் பெரும்பாலும் 70 மில்லிமீட்டரை ஒட்டிய அளவையே கொள்கின்றனர். மற்ற எண், 78ஏ, 80ஏ என்பது போல, கடினத்தைக் குறிக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் மென்மையாகும். சாலையை இறுகப் பற்றும். தெருவில் குதித்து விளையாடும் சிறு பலகைகளின் சக்கரங்கள் 100ஏ அளவுக்குக் கடினமாயிருக்கும். அவற்றைச் சரிவுச் சாலைக்குக் கொண்டு வரலாகாது.

இந்த எண்களைக் காட்டிலும் முக்கியமானது சக்கரத்தின் விளிம்பு. கூரான சதுர விளிம்புடைய அகலச் சக்கரம் வளைவில் சாலையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பந்தயக்காரர்கள் அதனை விரும்புவர். விளிம்பு உருண்டையான சக்கரமோ எளிதாகச் சறுக்கத் தொடங்கும். சீராகச் சறுக்கி, மெல்ல மீண்டும் பிடிக்கும்.

இங்கேதான் அன்புள்ள பெற்றோர் தவறிழைக்கின்றனர். "நன்றாகப் பிடிக்கும் சக்கரந்தானே பாதுகாப்பானது?" என்றெண்ணி, விலையுயர்ந்த பந்தயச் சக்கரத்தை வாங்கித் தருகின்றனர். சறுக்கத் தெரியாத பிள்ளை, பிடிவிடாத அச்சக்கரத்தை வலிந்து குறுக்கே திருப்புகிறான். அது சறுக்குவதற்குப் பதிலாக வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. பிள்ளை சரிவின் பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறான். நிறுத்தப் பழகுபவனுக்கு, நிறுத்த உதவும் சக்கரமே பாதுகாப்பானது. விளிம்பு உருண்ட, 78ஏ முதல் 80ஏ வரையிலான, 70 மில்லிமீட்டர் சக்கரம் அவனுக்குப் போதும்.

சறுக்கச் சறுக்கச் சக்கரம் தேயும், அது இயல்பு. பலகையை முழுதும் குறுக்காக்கி நெடுந்தூரம் தேய்த்தால் ஒருபுறம் மட்டும் தட்டையாகி, உருளும்போது தடதடக்கும். அத்தகைய சக்கரத்தை மாற்றிவிடுவதே முறை. நான்கும் ஒரே அளவில் தேய, அவ்வப்போது இடம் மாற்றிப் பூட்டுவதும் நல்லது.

பேரிங் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். பெட்டியின் மேல் பெரிய எண்ணைக் காட்டிக் கூடுதல் விலை சொல்வார்கள். அந்த எண் தயாரிப்பின் நுட்பத்தைக் குறிப்பதேயன்றி, சரிவில் இறங்கும் வேகத்தைக் குறிப்பதன்று.

அச்சும் அதன் ஆட்டமும்

சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோக அச்சினை 'டிரக்' என்பர். லாரிக்கும் அதுவே பெயராயினும், இது கைக்குள் அடங்கும் பொருள். பலகையை ஒருபுறம் சாய்த்தால் அச்சு திரும்பும். பலகையும் அப்பக்கம் வளைந்து செல்லும். அடித்தட்டின் கோணம் 50 பாகையாக இருந்தால் நன்றாக வளையும். அதனினும் குறைந்தால் வளைவு குறைந்து உறுதி கூடும். விரைந்து இறங்குவோர் பலர், பின் அச்சின் கோணத்தை முன் அச்சினுடையதைவிடக் குறைவாக வைத்துக்கொள்கின்றனர்.

இதற்குக் காரணம் ஓர் ஆபத்து. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் பலகை இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கும். ஒவ்வொரு நடுக்கமும் முந்தியதைவிடப் பெரிதாகி, இறுதியில் ஆளைக் கீழே தள்ளிவிடும். உடற்பாரம் பின்காலில் இருந்தாலும், அச்சத்தால் கால்கள் விறைத்துக்கொண்டாலும் நடுக்கம் மிகும். பாரத்தை முன்காலுக்கு மாற்றி, முழங்காலைத் தளர்த்தி நிற்பதே மருந்து. அச்சினுள் இருக்கும் ரப்பர் போன்ற 'புஷ்' ஓட்டுபவனின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெலிந்த பிள்ளைக்குக் கடினமான புஷ் பொருந்தாது; பருத்தவனுக்கு மென்மையானது ஆகாது. நடுங்குகிறதே என்று நட்டை இறுக்கிக்கொண்டே போனால், வளைவு வரும்போது பலகை திரும்பாமல் நேரே போய்விடும்.

இறுதியில் பலகை

பலகையை இறுதியாகச் சொல்வது வேண்டுமென்றேதான். நிதான வேகத்தில் ஊர் சுற்ற, துள்ளும் பலகை இனிமையானது. சரிவுக்கு அது உதவாது. விறைப்பான பலகையே வேண்டும். குறுக்குவாட்டில் சற்றுக் குழிந்திருந்தால் பாதங்கள் விளிம்பை உணர்ந்து நிற்கும். தாழ்வான பலகையில் காலால் நிறுத்துவதும் கையை ஊன்றுவதும் எளிது என்பதால், தொடக்கநிலையினருக்கு அது ஏற்றது. அச்சின் மேலே அமரும் உயர்ந்த பலகை, வளைவுகளில் சக்கரத்தை நன்றாக அழுத்தும், பழகியவர்களுக்கு உரியது.

வாங்குமுன் ஒரு சோதனை. நிற்கும் நிலையிலேயே பலகையை ஒருபுறமாக முழுவதும் சாய்த்துப் பாருங்கள். சக்கரம் பலகையைத் தொடுகிறதா? தொட்டால் வாங்க வேண்டாம். அல்லது இடையில் தக்கை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். ஓடும்போது அவ்வாறு தொட்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது? முகம் முழுவதையும் மறைக்கும் ஹெல்மெட், வில்லை பதித்த கையுறை, முழங்கால் காப்பு, அடுத்துச் சக்கரம், பிறகு அச்சு, மீதமிருப்பதில் பலகை. பழைய பலகை வாங்கலாம். பழைய ஹெல்மெட் வாங்கலாகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உட்புறம் நசுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

எந்தச் சாலை?

வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை நோக்கியவாறு, மேரிஹில் என்னும் இடத்தில் பழமையான மலைச்சாலை ஒன்று உள்ளது. சாமுவேல் ஹில் என்பவர் 1909க்கும் 1913க்கும் இடையே அமைத்தது. மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்ட அச்சாலையில் லாங்போர்டுப் போட்டிகள் பல நடந்துள்ளன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2017இல் பீட் கானலி என்பவர் மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிச் சாதனை படைத்தார். இவையெல்லாம் போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலைகளில், தோலாடையும் முழு ஹெல்மெட்டும் அணிந்தோர் செய்தவை. இவற்றைப் படக்காட்சியில் காணும் பிள்ளைக்குச் சாலையின் அழகு தெரிகிறது. சாலையை மூடி நிற்கும் தடுப்புகள் தெரிவதில்லை.

வாகனங்கள் எதிரே வரும் சாலையில், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாமல் இறங்குவது விளையாட்டாகாது. ஈரமான சாலையில் சக்கரம் பிடிக்காது. மணலும் சரளையும் அதைவிடக் கேடானவை. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கை அவனுக்கு ஒருமுறை தாளில் போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே, அன்புள்ள பெற்றோர்களே! கேட்டவுடன் மறுத்துவிடாதீர்கள், மறுத்தால் நண்பனிடம் இரவல் வாங்கி, தலைக்கவசமின்றி இறங்குவான். உம்மாவோ வாப்பாவோ உடன் செல்லுங்கள். வாகனம் வராத, அடியில் சமதரையுள்ள மென்சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்தடி மேலேறி இறங்கச் சொல்லுங்கள். பத்து முறை தடுமாறாமல் நிறுத்திக் காட்டினால், அடுத்த பத்தடி ஏறட்டும். நிறுத்த முடியாத உயரத்திலிருந்து ஒருபோதும் இறங்கமாட்டேன் என்று அவனிடம் சொல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு அவன் கேட்கும் பந்தயச் சக்கரத்தை நீங்கள் அஞ்சாமல் வாங்கித் தரலாம்.