அந்தப் படிதான் நடுரோடு

பயணிகளின் பணத்தில் சோறு தின்னும் ஊர், பயணிக்கே ஒழுக்கம் கற்பிக்கலாமா என்று கேட்கிறார், வெனிஸ் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். வெனிஸில் பாலத்துப் படியில் உட்காரக் கூடாது, சான் மார்க்கோ சதுக்கத்தில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடக் கூடாது, புறாவுக்குத் தீனி போடக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு வெள்ளைக்காரத் திமிராம். 2019-ல் ரியால்டோ பாலத்தடியில் அடுப்பு மூட்டிக் காபி போட்டு, 950 யூரோ தண்டம் கட்டி, ஊரை விட்டே அனுப்பப்பட்ட இருவரும் ஜெர்மானியர்கள். இதை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம்.

கார், பைக், சைக்கிள் எதுவும் ஓடாத ஊர் அது. பாலங்கள் மட்டும் நானூறுக்கு மேல். ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் படகில் வந்து இறங்கி, கைவண்டி ஏறி, படிப்படியாக இழுபட்டுத்தான் வீடு சேரும். குப்பையும் கைவண்டியில்தான் தெருவைக் கடந்து படகேறுகிறது. ஆம்புலன்ஸ் படகு கால்வாயோரம் நின்ற பிறகு நோயாளியை ஸ்ட்ரெச்சரில் சுமப்பவர்களுக்கும் அதே சந்து, அதே படி. கட்டுரையாளர் காலை நீட்டி செல்ஃபி எடுக்கத் துடிக்கும் இடம் அந்த ஊரின் நடுரோடு. வேறு எந்த ஊரிலாவது நடுரோட்டில் பாய் விரிப்பாரா?

"அங்கே யார் வாழ்கிறார்கள்? அது திறந்தவெளி அருங்காட்சியகம்" என்று வேறு எழுதியிருக்கிறார். 1951-ல் அந்தத் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் பயணிகளின் வாடகை அறைகளாக மாறின. அக்கம்பக்கத்துக்கான கடைகள் போய், முகமூடியும் காந்த பொம்மையும் விற்கும் கடைகள் வந்தன. எஞ்சியிருப்பவர்களையும் பேனாவாலேயே காலி செய்துவிடுகிறார் இவர்.

வபொரெத்தோ படகில் வெளியூர்க்காரருக்கு 9.50 யூரோ, உள்ளூர்க்காரருக்கு அதில் ஒரு சிறு பங்கு என்பது கொள்ளையாம். ஐயா, அது உல்லாசப் படகல்ல, டவுன்பஸ். காய்கறிப் பையோடு பாட்டி ஏறுவதும் அதில்தான். முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைக்கச் சொன்னதற்கு அரைப் பக்கம் புலம்பியிருக்கிறார். அந்தப் பை யார் மூக்கில் இடித்தது என்று ஒரு வரி இல்லை. மேசையில் உட்கார்ந்து குடித்தால் காபி விலை கூடுவது இத்தாலி முழுக்க உள்ள வழக்கம். 1720-ல் தொடங்கிய ஃப்ளோரியன் காபிக்கடையில் வாத்திய இசைக்கும் தனிக் காசு. விலைப்பட்டியலைப் படிக்காதது கடைக்காரர் குற்றமா?

அவர் சாடும் நகர நுழைவுக் கட்டணத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் இவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வாங்கினார்கள்; மறு ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்தவர்களுக்கு 10. இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. "விரட்டுகிறார்கள்" என்று அலறுகிறார். எங்கே விரட்டினார்கள்? விமான டிக்கெட் எடுத்து வந்தவர் ஐந்து யூரோவுக்காகவா திரும்பிப் போவார்? இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைக்காமல் சீட்டு மட்டும் கிழிப்பது வசூல், அவ்வளவுதான். தொடங்கிய அன்றே உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டார்கள். கட்டுரையாளரும் தாராளமாக அவர்களோடு சேரலாம், குடியிருக்க வீடு கிடைக்காமல் தவிக்கிறவர்கள் நடுவே நின்று, உட்காரப் படி கிடைக்கவில்லை என்று கத்த அவருக்கு வாய் வந்தால்.