அறுபதுக்கு மேல் ஓர் அந்நிய மொழி

சிவகாசி அச்சகமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. இந்தி, வங்காளம், மலையாளம் எனத் தமக்குத் தெரியாத மொழிகளின் நாட்காட்டித் தாள்களையும் மூலப்படியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பிழை களைந்தவர். எழுத்தின் வடிவம் அவருக்குத் தெரியும், பொருள் தெரியாது. ஓய்வுக்குப் பின் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினார். காம்யுவை மூலத்தில் வாசிக்க வேண்டும் என்பது ஆசை. பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து, பிரான்சில் ஒரு குடும்பத்தாரோடு மூன்று மாதம் தங்கி மொழியைக் கற்றுவரப் போவதாக அண்மையில் அறிவித்தார். "அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டார் கேட்டனர். அவர் நம்மிடம் கருத்துக் கேட்டார். அவரிடம் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

வீட்டாரின் ஐயத்தை எள்ளி நகையாட முடியாது. ஏறத்தாழ 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஒரு மொழியின் இலக்கணத்தை இயல்பாக உள்வாங்கும் ஆற்றல் பதினேழு வயதையொட்டிச் சரியத் தொடங்குவதாகக் கூறியது. வயது ஏறும்போது செவியும் ஒத்துழைப்பதில்லை. உயர்சுருதி ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. புதிய மொழியைச் செவிவழி கற்பவருக்கு இது சிறு இடையூறன்று. புதிய மொழி மறதி நோயைத் தள்ளிப்போடும் என்னும் பேச்சையும் அளந்தே ஏற்க வேண்டும். ஐதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், இருமொழியாளருக்கு அந்நோய் நாலரை ஆண்டுகள் தாமதித்து வந்ததாகக் கண்டனர். ஆனால் அவர்கள் வாழ்நாளெல்லாம் பல மொழிகளிடையே புழங்கியவர்கள். ஓய்வுக்குப் பின் வகுப்பில் சேர்ந்தவர்கள் அல்லர். மருந்தாக எண்ணி மொழி கற்பவர் ஏமாறக்கூடும்.

ஆயினும், சென்று தங்கிக் கற்பது என்பது நம் கரிசல் மண்ணுக்குப் புதிதா என்ன? 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இன்றைய சிவகாசி அந்தப் பயணத்திலிருந்து முளைத்தது. அதற்கும் முன்பே தெலுங்கு பேசிக்கொண்டு இங்கு வந்து குடியேறியவர்கள் தமிழைக் கற்றது எந்தப் பள்ளியில்? கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அத்தகைய மக்களின் கதையே. இன்றும் வேலை தேடி வரும் வடமாநிலத் தொழிலாளர் தேநீர்க்கடையில் நின்றே தமிழைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இவர்கள் எல்லோரையும் கற்க வைத்தது தேவை. ஈழத்திலிருந்து பிரான்சுக்குச் சென்ற அகதிகளின் நிலையும் அதுவே. பாரிசில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்ற 'தீபன்' 2015-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. மொழி தெரியாத இடத்தில் வாழ்வைத் தொடங்க வேண்டியவர்களின் தத்தளிப்பை அப்படத்தில் காணலாம். அங்கே மொழி என்பது வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி. ஓய்வூதியரின் நிலை வேறு. அவருக்குத் திரும்பும் பயணச்சீட்டு கையில் இருக்கிறது. மொழி வராவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது. இதுவே அவருடைய வசதி. இதுவே அவருடைய தடையும். இரவுதோறும் வீட்டாரோடு காணொளியில் தமிழ் பேசி, இடர்ப்படும்போதெல்லாம் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டால், மூன்று மாதம் பிரான்சில் இருந்தும் அவர் சிவகாசியில் இருந்தவரே ஆவார். தேவையை அவரேதான் தமக்கு உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நினைவாற்றலைக் காட்டிலும் பெரிய தடை ஒன்றுண்டு. அது மரியாதை. நம் ஊர்களில் அறுபதைக் கடந்தவரைப் பிறர் திருத்துவதில்லை. அவர் சொல்வது தவறென்றாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அங்கேயோ பேத்தி வயதுப் பெண், ரொட்டிக் கடையில் அவர் பொருளுக்குத் தவறான பாலைச் சொன்னதும் இயல்பாகத் திருத்துவாள். 'போன்ஷூர்' சொல்லாமல் கடைக்குள் நுழைந்தால் முகம் மாறுவார்கள். வாழ்நாள் முழுவதும் பிறர் பிழையைத் திருத்தியவர், நாள்முழுதும் தம் பிழை திருத்தப்படுவதைத் தாங்குவாரா? தாங்குவாரெனில் வயது பொருட்டன்று என்பதே நம் கட்சி.

தமிழர்க்குச் சில அனுகூலங்களும் உண்டு. 'தூ', 'வூ' என்னும் வேறுபாட்டை ஆங்கிலேயருக்கு விளக்க வேண்டியிருக்கும். 'நீ', 'நீங்கள்' என்று வளர்ந்த நமக்கு அது வீட்டுப் பழக்கம். தொண்ணூற்றை நாம் நூற்றை வைத்துச் சொல்கிறோம். அவர்கள் நான்கு இருபதும் பத்துமாகச் சொல்கிறார்கள். எண்களின் கோணல் நமக்குப் புதிதல்ல. மேசைக்கும் நாற்காலிக்கும் பால் வகுப்பதுதான் அஃறிணைக்குப் பழகிய நம் மனத்துக்கு ஒவ்வாது. அதற்குக் குறுக்குவழி இல்லை. சொல்லோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும்.

ஆகவே நண்பருக்கு நாம் சொன்னது இது: போங்கள்; ஆனால் இப்போது வேண்டாம். அடிப்படை இல்லாமல் போகிறவருக்கு முதல் மாதம் வெறும் இரைச்சலாகவே கழியும். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இருக்கிறது. அங்கே ஓராண்டு முறையாகப் படித்து, ஐரோப்பிய அளவுகோலின் ஆறு படிகளில் இரண்டையாவது ஏறிவிட்டுப் புறப்படலாம். பாரிசை விடுத்துச் சிறு நகரொன்றைத் தேர்வது நலம். தூர் நகரில் 1912 முதலும் விஷியில் 1964 முதலும் அயல்நாட்டவர்க்குப் பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனங்கள் உள்ளன. குறுகிய காலத்துக்கான செங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் அதிகம் தங்கக்கூடியது 90 நாட்கள். அதை ஒரே மூச்சில் செலவிடாமல், ஒரு மாதம் தங்கிவந்து, ஆறு மாதம் வாசித்து, மீண்டும் செல்வது முதிய மூளைக்கும் பணப்பைக்கும் உகந்தது.

புதுவை என்றதும் கி.ரா. நினைவுக்கு வருகிறார். இடைசெவலின் கரிசலில் வேரூன்றியவர், 1989-இல் அறுபத்தைந்தைக் கடந்த வயதில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்புப் பேராசிரியராகச் சென்றார். 2021-இல் மறையும்வரை அவ்வூரே அவர் ஊர். பேராசிரியர் என்ற பெயரோடு போனவர் அங்குள்ளவர்களிடம் கதை கேட்டு, புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். புதிய இடத்தில் முதியவர் கற்கும் முறை அதுதான். பேசுவதற்குமுன் செவிகொடுக்க வேண்டும்.

இனி, 'எதற்கு' என்னும் கேள்வி. பிரெஞ்சு இலக்கியத்தின் பெரும்பகுதி நமக்கு ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. விதிவிலக்காக, வெ. ஸ்ரீராம் மூலத்திலிருந்து பெயர்த்த 'அந்நியன்' 1980-இலும், அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து பெயர்த்த 'குட்டி இளவரசன்' 1981-இலும் க்ரியா வெளியீடுகளாக வந்தன. இவை நம் வாசிப்பில் ஏற்படுத்திய மாற்றத்தை இவ்விதழ்களின் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. காம்யு 1942-இல் வெளியான அந்நாவலில், பிரெஞ்சுப் புனைகதைக்கு வழக்கமான ஏட்டு இறந்தகாலத்தை விட்டு, அன்றாடப் பேச்சின் இறந்தகாலத்திலேயே பெரும்பாலும் கதையை நடத்தினார். ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டைக் காட்ட இடமில்லை. ஆங்கிலத்தை மட்டுமே நம்பிப் பெயர்ப்பவர் கைக்கு அது வந்து சேராது.

இத்தகைய வேலைக்கு நேரமும் பொறுமையும் தமிழில் நீண்ட வாசிப்பும் வேண்டும். பிழைப்பைத் தேடும் இளைஞரிடம் இம்மூன்றையும் எதிர்பார்ப்பது அநியாயம். விருதுநகரிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் ஓய்வுபெற்று அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடமும் மெய்ப்புத் திருத்துநர்களிடமும் அவை இருக்கின்றன. பத்து ஆண்டு உழைத்து ஒரே ஒரு நாவலை நேராகத் தமிழுக்குத் தந்தாலும் அப்பயணச் செலவு வீணாகாது.

நண்பர் ஒரு வாரம் யோசித்தார். பின்னர்ப் புதுச்சேரியில் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று விசாரித்தார். "முப்பத்தைந்து வருஷம் பொருள் தெரியாமல் எழுத்தைத் திருத்தினேன். இனி யாராவது என்னைத் திருத்தட்டும்" என்றார். வீட்டார் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தத் தீபாவளி முடியட்டும் என்று காத்திருக்கிறார்.