போனைப் பிடுங்காதீர்கள்!

ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணுக்கு ஒரு வாரமாகத் தினமும் காலையில் வயிற்று வலி. நானும் ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன், அசடு!

ஒரு ராத்திரி தலை பின்னும்போதுதான் அழுதாள். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இவள் போட்டோவைக் கரடி மாதிரி மாற்றி, ஒரு பட்டப்பெயரும் போட்டிருந்தார்கள். "ஏண்டி முன்னாடியே சொல்லலை?" என்றேன். "நீ போனைப் பிடுங்கிடுவியேம்மா!" சுருக்கென்றது. பிடுங்கியிருப்பேன்தான்.

"எல்லாத்தையும் அழி" என்று கத்தினார் இவள் அப்பா. பக்கத்து வீட்டு டீச்சர்தான் தடுத்தார். அனுப்பினவரே அழித்துவிட முடியுமாம். அதனால் முதலில் பெயர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குத் திட்டி எழுதவே கூடாது. வகுப்பு டீச்சரிடம் காட்டினோம். வகுப்பில் யாரையும் நிற்க வைக்காமல், அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். (எனக்கு அந்தம்மாவை நாலு கேட்கணும் போல்தான் இருந்தது!) படம் அன்றே போயிற்று.

மிரட்டல், ஆபாசப் படம் என்று போனால் 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவும் பகலும் இலவசம். சைபர் க்ரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம். குழந்தைகளின் ஆபாசப் படத்தை, 'இந்த அநியாயத்தைப் பாருங்கள்' என்றுகூட யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அனுப்புவதே குற்றம்.

இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். கணக்குப் பரீட்சையன்று வரும் வயிற்று வலி மட்டும் பாக்கி!