மீமிசலுக்கு ஒரு கதை வகுப்பு

மீமிசலிலும் அதையடுத்த கடற்கரை ஊர்களிலும் வாரந்தோறும் ஒரு குறுங்கதைப் போட்டி நடைபெற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இது வீண் பொழுதுபோக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். சாலையும் வைத்தியசாலையும் கேட்க வேண்டிய ஊருக்குக் கதை எதற்கு என்று வேறு சிலர் வினவக்கூடும். இவ்விரு திறத்தாருக்கும் விடை கூறவே இதனை எழுதலானோம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டென்பதையே நம்மவர் பலர் அறியார். ஆவுடையார்கோயில் வட்டத்தில், பாக் நீரிணையின் கரையோரமாய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது மீமிசல். உப்பளமும் மீன்பிடியும் இப்பிரதேசத்தாரின் ஜீவனம். இக்கரையைப்பற்றி வெளியுலகம் அறிவதெல்லாம் தந்தி வாசகம் போன்ற செய்திகளே: இத்தனை மீனவர் கைது, இத்தனை படகுகள் பறிமுதல், இத்தனை நாள் காவல். 1974, 1976-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவும் இலங்கையும் கடலில் எல்லை வகுத்துக்கொண்டன. கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குச் செல்வோர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவது ஓயாத செய்தியாகிவிட்டது. எண்களைப் படித்துப் படித்து நாட்டாரின் மனம் மரத்துப்போயிற்று.

பிடிபட்டவன் வீட்டில் அன்றிரவு உலை வைத்தார்களா? கடன் கொடுத்தவன் மறுநாள் வாசலில் நின்று என்ன கேட்டான்? பள்ளிக்கூடத்தில், 'உன் தகப்பனார் எங்கே?' என்ற கேள்விக்குச் சிறுவன் என்ன விடை சொன்னான்? இவை எந்தச் செய்தியிலும் வாரா. இவற்றை அவ்வூராரே எழுத வேண்டும். பிறர் எழுதினால் அதில் இரக்கம் இருக்கும், ருசு இராது. இன்னொன்றும் கூறுவோம். நமது கரையின் இழுவைப் படகுகளால் வலையறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழ் பேசுபவனே. அவன் பக்கத்து வழக்கை இக்கரை வாலிபன் ஒருவன் கதையாக எழுதிப் பார்ப்பானாகில், பேச்சுவார்த்தை மேஜைகளில் விளங்காத சில விஷயங்கள் அவனுக்கு விளங்கும்.

இத்தகைய முயற்சி தமிழருக்குப் புதிதன்று. 1924-இல் கோலாலம்பூரில் தோன்றி 2019 வரை நடந்த 'தமிழ் நேசன்' பத்திரிகை, 1950-51-ஆம் ஆண்டுகளில் 'கதை வகுப்பு' என்றொரு பகுதியை நடத்திற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்கு ஆசிரியர்களாய் அமர்ந்தனர். எழுத விரும்பிய சாமானிய ஜனங்களுக்குக் கதை எழுதும் முறையைக் கற்பித்து, அவர்கள் எழுதியனுப்பியவற்றை மதிப்பிட்டுத் திருத்தினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒரு சமூகம், தன் சொந்த வாழ்வைத் தன் கையால் எழுதப் பழகுவதற்கு அவ்வகுப்பு பெருந்துணை செய்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் சரித்திரம் கூறுவோர் அதனைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. கடல் கடந்து போனவர்கள் செய்ததைக் கரையில் இருப்பவர்கள் செய்யலாகாதா?

போட்டியினால் இலக்கியம் வளராது என்பாரும் உளர். 1933-இல் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டியில் 'மலரும் மணமும்' என்ற கதைக்குப் பரிசு கிடைத்தது. அதை எழுதியவர் பி. எஸ். ராமையா. இரண்டே ஆண்டுகளில், 1935-இல், அவரே 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே உரிய பத்திரிகையாக்கி நடத்தினார். நமது புதுக்கோட்டையிலிருந்தே 1947-இல் முருகு சுப்பிரமணியன் தொடங்கிய 'பொன்னி', 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பில் இளங்கவிகளை வரிசையாய் அறிமுகம் செய்வித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் சிறு நகரின் வாரப் பத்திரிகையொன்று, 1987-இல் 55 சொற்களுக்குள் கதை கேட்டுப் போட்டி வைத்தது. அவ்வழக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. சிறு ஊரில் தொடங்குவதால் காரியம் சிறுத்துவிடாது என்பதற்கு இவை போதிய சாட்சியம்.

சில வரிகளில் கதை அடங்குமோ என்னும் ஆட்சேபணை, தமிழன் வாயில் வரத் தகாதது. ஏழு சீரில் ஓர் அறத்தை நிறுத்தியவர் வள்ளுவர். நான்கு முதல் எட்டு அடிக்குள் ஒரு பெண்ணின் முழுத் துயரையும் காட்டுவது குறுந்தொகை. புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கங்களே. நகரத்து ஏழ்மையைப்பற்றி அது எழுப்பிய கேள்வி இன்றும் நம்மை விட்டபாடில்லை.

மற்றோர் ஆட்சேபணையில் நியாயம் உண்டு. பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகள் பல, கடைசி வரியில் வாசகனை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டுவிட்டன. முன்பாதி முழுதும் ஒரு விஷயத்தை மறைத்து, முடிவில் அதைத் திறந்துகாட்டிக் கைதட்டல் கேட்பது செப்படி வித்தை. இதற்குப் பரிகாரம் போட்டியை நிறுத்துவதன்று; ஒழுங்காய் நடத்துவதேயாம்.

நடத்தும் முறையைப்பற்றி நமக்குத் தோன்றுவன இவை. முதலாவது, அளவு இருநூறு சொல். வலைக்குக் கண்ணளவு இருப்பதுபோல் கதைக்கும் அளவு வேண்டும். மீறியது யாருடையதாயினும் தள்ளப்பட வேண்டும். இரண்டாவது, வாரத்துக்கு ஒரே பொருள். 'உப்பு', 'அடகுச் சீட்டு', 'படகு திரும்பாத நாள்' என்று ஊரார் கையில் புழங்குவதாய் அது இருத்தல் சிலாக்கியம். மூன்றாவது, தீர்ப்புச் செய்வோர் கண்ணுக்கு எழுதியவரின் பெயர் தெரியலாகாது. தாளில் இலக்கம் மட்டுமே இருக்கட்டும். பெயர் தெரிந்தால் சாதியும் உறவும் செல்வாக்கும் தெரியும். தெரிந்தபின் நடுநிலை பேசுவது வீண். நான்காவது, வந்த ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிறையும் ஒரு குறையும் எழுதித் திருப்பித் தர வேண்டும். தோற்றவனுக்குக் காரணம் சொல்லாத போட்டி, காரணம் கூறாத தீர்ப்பைப் போன்றது. ஐந்தாவது, பணப் பரிசு வேண்டாம். சிறந்த கதையைச் சபையில் உரக்கப் படிப்பதும், சுவரில் ஒட்டுவதும், ஆண்டிறுதியில் புத்தகமாக்குவதுமே பரிசு. ஆறாவது, உப்பளத்தில் உழைக்கும் பெண்களும், எழுத்தறியாத முதியோரும் விலக்கப்படலாகாது. அவர்கள் வாயால் சொல்ல, மாணவர் எழுதித் தரலாம்.

இவை யாவற்றிலும் கடினமானது ஒன்றுண்டு: வாரம் தவறாமை. முதல் வாரம் முப்பது கதை வரும். ஐந்தாம் வாரம் மூன்று வரும். அந்த மூன்றையும் முப்பதைப் போலவே மதித்துப் படித்து விடை எழுதுகிறவன் எவனோ, அவனே இக்காரியத்துக்கு உரியவன். நம் நாட்டில் சங்கங்கள் பிறப்பதற்குக் குறைவில்லை. ஆறாம் மாதத்தில் உயிரோடிருப்பவை எத்தனை என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அச்சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. வரி கொடுப்பவன், ஒரு மாலையில் ஒரு மேஜையும் விளக்கும் கேட்பது பிச்சையன்று, உரிமை. நூலகமில்லாத ஊரில் பள்ளித் திண்ணை போதும்.

சாலை கேட்பவர்கள் சாலை கேட்கட்டும். நாமும் உடன் கேட்போம். ஆனால் தன் கஷ்டத்தை இருநூறு சொல்லில் தெளிவாய் எழுதப் பழகியவன், கலெக்டருக்கு எழுதும் மனுவையும் தெளிவாய் எழுதுவான். அவனுக்காக எழுத வேறொருவனைத் தேடி அலையான். ஆகவே, மீமிசல் ஆசிரியர்களையும் வாலிபர்களையும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு தாளில் ஒரு சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன்கீழ் ஒரு பெட்டியை வையுங்கள்.