ரகசிய ஏஜென்ட் மணலிக்கு வரட்டும்

சென்னைத் தொலைக்காட்சி நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் நிலையம் ஒரு டெலிபிலிம் எடுக்க வேண்டும் என்று கேட்டு, மணலிக்குப் பக்கத்து மாத்தூரிலிருந்து எழுதுகிறேன். ரகசிய ஏஜென்ட், தீவிரவாதி, வெடிகுண்டு எல்லாமே இருக்கட்டும். ஜெய்சங்கர் துப்பறிந்த காலத்திலிருந்து விஜயகாந்த் தீவிரவாதிகளைப் புரட்டி எடுத்த காலம் வரை அந்த வகைப் படம் எதையும் நான் விட்டதில்லை.

ஆனால் நம் ஊரில் இப்படிப் படம் வந்தாலே பேச்சு தடையில்தான் போய் நிற்கிறது. 2013-ல் வந்த 'விஸ்வரூப'த்தை டி.டி.எச்.சில் முதலில் காட்டப்போவதாகக் கமல் அறிவித்தார். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்க்க, அரசு 144 போட்டு, படம் தியேட்டருக்கே வராமல் நின்றது. சில வெட்டுகளுக்குப் பிறகு பிப்ரவரி 7-ல்தான் இங்கே வெளியானது. 2021-ல் 'தி ஃபேமிலி மேன்' வெப் சீரிஸின் இரண்டாம் சீசன். ஈழத் தமிழரைக் கொச்சைப்படுத்துகிறது, தடை செய்யுங்கள் என்று தமிழ்நாடு அரசே ஒன்றிய அமைச்சருக்கு எழுதியது. கோபம் நியாயம்தான். அந்தக் கோபத்தில் நம் கதையை நாமே எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கதைக்கு எங்கும் அலைய வேண்டாம். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் மணலி யார்டுக்கு வந்தது. வழக்கு, கோப்பு, ஏலம் என்று ஐந்து வருஷம் அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு 2,750 டன் வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்த பிறகுதான், நம் பக்கத்தில் 697 டன் இருப்பது எங்களுக்கே தெரிந்தது. சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குக் குடியிருப்பே இல்லை என்றது சுங்கத்துறை. 700 மீட்டரிலேயே ஜனங்கள் இருக்கிறார்கள் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதே மாதம் சரக்கு லாரி ஏறி ஹைதராபாத் போனது.

இதில் சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரம் கிடையாது, துண்டிக்க நீல ஒயரும் கிடையாது. உங்கள் ஏஜென்ட் ராத்திரி பதினொரு மணிக்கு மணலி சாலையில் நடக்கட்டும். வரிசையாக டிரெய்லர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து டிரைவர் சோறு வடிக்கிறார். ஒவ்வொரு கதவிலும் கட்டைவிரல் தடிமனில் ஒரு சீல், அதில் ஒரு நம்பர். ஏஜென்ட் டார்ச் அடித்து அந்த நம்பரைக் கையிலுள்ள காகிதத்தோடு ஒப்பிடுகிறான். எல்லாம் பொருந்துகிறது. பிறகுதான் அவனுக்கு வியர்க்கிறது: தாள் 2015-ஆம் வருஷத்தது.

சண்டைக் காட்சி வேண்டுமென்றால் காசிமேட்டில் வையுங்கள். 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷம் கட்டிப் படகில் ஊடுருவப் பார்க்கிறார்கள். புது முகம், புதுப் படகு என்றால் மீனவர்கள் சட்டென்று கண்டுகொள்வார்கள். கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093-க்குப் போன் போட வேண்டியதுதான். அதனால் தயவுசெய்து காசிமேட்டுக்காரனை மறுபடியும் அரிவாளோடு ஓடவிடாதீர்கள், அவன் ஏஜென்டின் கூட்டாளியாக இருக்கட்டும். வில்லனுக்கு மதம் ஒன்றை ஒட்டுவதும் வேண்டாம். ஐந்து வருஷம் கையெழுத்துப் போடாத ஒரு மேசை போதும்.

தனியார் சேனலிடம் இதைக் கேட்டால் ரேட்டிங் வருமா என்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. பெரிய செட்டும் தேவையில்லை, எங்கள் சாலையே போதும். படப்பிடிப்பை மட்டும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மழை வந்து பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு மணலிக்கு வந்துவிடும், அப்புறம் கேமராவையும் படகில்தான் ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மாத்தூர்வாசி ஒருவன்