கரிசல் காட்டில் கார் தயார்! வழியில் கரண்டு தயாரா?

சென்னையில் இருந்து ஓட்டப்பிடாரம் வர எத்தனை இடத்தில் நிற்க வேண்டும்?
மின்சார காரின் நெடுந்தூரக் கணக்கு

ஓட்டப்பிடாரம்:

"அண்ணாச்சி, வண்டி எங்கேயிருந்து வருது?"

"மெட்ராஸ்ல இருந்து."

"பேட்டரி வண்டியா? வழியில நின்னுடாதா?"

குறுக்குச்சாலை டீக்கடை முன் மின்சார கார் வந்து நின்றால், முதலில் கிளம்புகிற கேள்வி இதுதான். விலை என்ன என்று கேட்பது எல்லாம் அப்புறம்.

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் பாதிதான் காருக்குள் இருக்கிறது. மீதிப் பாதி சாலையில் இருக்கிறது.

வாசலில் தொழிற்சாலை

ஓட்டப்பிடாரம், வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர். வெள்ளைக்காரனுக்குப் போட்டியாக 1906-ம் ஆண்டிலேயே சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியவர் அவர். ஊரைச் சுற்றி மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மிளகாய் விளைகிற கரிசல் பூமி.

இந்தப் பக்கத்தில்தான் இப்போது மின்சார கார் தொழிற்சாலை வந்து இருக்கிறது. தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு 'வின்பாஸ்ட்' கம்பெனியின் தொழிற்சாலைக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி அடிக்கல் நாட்டினார். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி அவரே திறந்து வைத்தார். சுமார் 400 ஏக்கர் இடம். முதல் கட்டமாக ஆண்டுக்கு 50 ஆயிரம் கார் வரை தயாரிக்கலாம். அதை ஒன்றரை லட்சம் வரை உயர்த்தவும் திட்டம் உண்டு.

ஆக, கார் வாசலுக்கே வந்து விட்டது. ஆனால் சென்னையிலும், கோவையிலும், பெங்களூரிலும் பிழைக்கிற கரிசல் காட்டுப் பிள்ளைகள் அந்தக் காரில் ஊருக்கு வந்து சேர வேண்டுமே! டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு வீட்டில் ராத்திரி போடுகிற சார்ஜ் போதும். 600 கிலோ மீட்டர் ஓடி வருகிறவருக்குப் போதாது. சிக்கல் அங்கேதான்.

கணக்கு என்ன?

சென்னையில் இருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக ஓட்டப்பிடாரம் வர சுமார் 580 கிலோ மீட்டர்.

ஒரு நடுத்தரக் குடும்பம் 45 யூனிட் பேட்டரி உள்ள காரில் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். யூனிட் என்றால் வேறு ஒன்றும் இல்லை. வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான்.

நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டுக் கொண்டு 90, 100 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், ஒரு யூனிட்டுக்கு சுமார் 6 கிலோ மீட்டர் ஓடும். 45 யூனிட்டுக்கு 270. விளம்பரத்தில் 400-க்கு மேல் போட்டு இருப்பார்கள். அது சோதனைக் கூடத்துக் கணக்கு. ரோட்டுக் கணக்கு வேறு.

வேகத்தைக் கூட்டினால் இன்னும் குறையும். 80-ல் போகிற வண்டியை 110-க்கு விரட்டினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகி விடும். பேட்டரி மடமட என்று இறங்கும்.

முழு பேட்டரியையும் காலி செய்து விட்டு யாரும் நிற்க மாட்டார்கள். கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ஆகவே 220 கிலோ மீட்டர் ஓடியதும் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்போது 80 சதவீதம் வரை ஏற்றினால் மேலும் 190 கிலோ மீட்டர் வரை போகலாம். மறுபடியும் ஒரு முறை. அதாவது இரண்டு நிறுத்தம் கட்டாயம். மூன்று நிறுத்தம் என்றால் பயம் இல்லை.

ஒரு நிமிடம், ஒரு யூனிட்

ரோட்டு ஓரத்தில் வைத்து இருக்கிற வேக சார்ஜரில் 60 கிலோ வாட் என்று எழுதி இருந்தால், அது நிமிடத்துக்கு ஒரு யூனிட் தரக் கூடியது. ஆறு கிலோ மீட்டர் தூரத்துக்கு ஒரு நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா காரும் அந்த வேகத்தில் வாங்கிக் கொள்ளாது. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது தானாகவே குறைந்து விடும். சித்திரை வெயிலில் பேட்டரி சூடாகி இருந்தாலும் ஏறுவது குறையும். ஆகவே ஒரு நிறுத்தத்துக்கு 40 நிமிடம் என்று வைத்துக் கொள்வதுதான் சரி.

அதே 45 யூனிட்டை வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் ஏற்றினால் 14 மணி நேரம் பிடிக்கும்.

செலவு? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் என்று போட்டால், ஒரு வழிக்கு 3,600 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சாரத்தில் வீட்டுச் சார்ஜையும், வழியில் யூனிட் 20 முதல் 25 ரூபாய் என்று ஏற்றுவதையும் சேர்த்தாலும், அதில் பாதிகூட ஆகாது. மிச்சப்படுகிற பணத்துக்கு விலையாகக் கொடுக்க வேண்டியது ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

இதுவரை கணக்கு சரி. இது எல்லாம், போகிற இடத்தில் சார்ஜர் வேலை செய்து, முன்னால் வேறு கார் நிற்காமல் இருந்தால்!

பொங்கல் நெரிசல்

பெட்ரோல் பங்கில் முன்னால் ஐந்து கார் நின்றால் பின்னால் வருகிறவர் காத்து இருப்பது 25 நிமிடம். சார்ஜர் ஒன்றே ஒன்று இருந்து, முன்னால் ஐந்து கார் நின்றால்? ஒன்றுக்கு 40 நிமிடம். மூன்று மணி 20 நிமிடம்! கைக்குழந்தையும் வயசான அம்மாவும் உள்ள வண்டி என்றால் பாடு சொல்ல வேண்டியது இல்லை.

சாதாரண நாளில் இது தெரியாது. பொங்கலுக்கும், தீபாவளிக்கும் ஒரே ராத்திரியில் எல்லோரும் தெற்கே கிளம்புகிறபோதுதான் தெரியும்.

சார்ஜர் பழுதாகிக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். பல இடங்களில் ஆள் கிடையாது. போனில் ஆளுக்கு ஒரு 'ஆப்'. ஒவ்வொன்றிலும் முன்பணம் போட வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் மின்சாரமும் கிடைக்காது. பெட்ரோல் தீர்ந்தால் கேனில் வாங்கி வரலாம். கரண்டைக் கேனில் வாங்க முடியுமா?

சாதனை சொல்லும் பாடம்

வழி கிடையாது என்று சொல்லி விட முடியாது. நாளுக்கு நாள் நிலைமை மாறித்தான் வருகிறது. அதற்கு சாட்சி கோவில்பட்டி வழியாகப் போகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை.

2023-ம் ஆண்டு பிப்ரவரியில் டாடா கம்பெனியின் 'நெக்சான்' மின்சார கார் காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரிக்கு ஓட்டி வரப்பட்டது. 4,003 கிலோ மீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் கடந்தது. இதில் சார்ஜ் போட நின்றது மட்டும் சுமார் 28 மணி நேரம். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் அதே கம்பெனியின் 'கர்வ்' மின்சார கார் ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்கு 3,823 கிலோ மீட்டரை 76 மணி 35 நிமிடத்தில் கடந்தது. சார்ஜ் போட நின்றது சுமார் 16 மணி நேரம்தான்.

இரண்டே ஆண்டில் நின்ற நேரம் 12 மணி குறைந்து இருக்கிறது. பேட்டரி பெரிதானது ஒரு காரணம். வழியில் வேகமான சார்ஜர்கள் வந்தது மற்றொரு காரணம்.

சென்னை - திருச்சி - மதுரை சாலையில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் 2022-ம் ஆண்டில் தன் பங்குகளில் சுமார் 100 கிலோ மீட்டருக்கு ஒன்று வீதம் வேக சார்ஜர் வைத்தது. தனியார் கம்பெனிகளும் ஓட்டல் வாசல்களில் வைத்து வருகின்றன.

மத்திய மின்சார அமைச்சகம் 2022-ம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையில், நெடுஞ்சாலையில் 25 கிலோ மீட்டருக்கு ஒரு சார்ஜ் நிலையம், அதுவும் சாலையின் இரண்டு பக்கமும் வேண்டும் என்று சொல்லி இருந்தது. மதுரையில் இருந்து ஓட்டப்பிடாரம் சுமார் 120 கிலோ மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு பக்கத்துக்கு ஐந்து வர வேண்டும். 2024-ம் ஆண்டு தொடங்கிய 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கு என்றே 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கி இருக்கிறார்கள். நாடு முழுவதும் கார்களுக்கு 22,100 வேக சார்ஜர் என்பது இலக்கு.

எண்ணிக்கை சரி. ஆனால் ஓட்டி வருகிறவருக்கு எண்ணிக்கை முக்கியம் இல்லை. தான் போய் நிற்கிற நேரத்தில் அது வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே இடத்தில் நாலு சார்ஜர் இருந்தால், ஒன்று கெட்டாலும் மூன்று இருக்கும். நாலு இடத்தில் ஒவ்வொன்று இருந்தால், ஒன்று கெட்டதுமே பயணம் கெட்டது.

டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

"கயத்தாறு பக்கம் காத்தாடி சுத்துது. தூத்துக்குடியில் அனல் மின் நிலையம் இருக்கு. நம்ம ஊர்ல கரண்டுக்கா பஞ்சம்?" என்று கேட்கலாம்.

மின்சாரம் உற்பத்தி ஆவது வேறு. அது காருக்குள் இறங்குவது வேறு. கிராமங்களில் பார்க்கிற டிரான்ஸ்பார்மர்களில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. அளவுதான் சகஜம். ஒரே ஒரு 60 கிலோ வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால், சிறிய டிரான்ஸ்பார்மரின் சக்தி முழுவதையும் அதுவே இழுத்து விடும். ஒரு காருக்காக ஊரே இருட்டில் உட்கார முடியாது. ஆகவே சார்ஜ் நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். சார்ஜர் வாங்கி நட்டால் மட்டும் போதாது.

பம்பு செட்டில் போடாதே!

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு.

வீட்டு இணைப்பில் சொந்தக் காருக்கு சார்ஜ் போடத் தடை இல்லை. ஆனால் பழைய வீட்டு வயரிங் ராத்திரி முழுக்க 15 ஆம்பியர் தாங்குமா என்று எலெக்ட்ரீசியனிடம் கேட்டு விட வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் போடவே கூடாது. வயர் சூடாகி உருகினால் காரோடு வீட்டுக்கும் ஆபத்து.

தோட்டத்தில் மூன்று பேஸ் கரண்டு இருக்கிறதே என்று பம்பு செட் ஷெட்டில் கொண்டு போய் மாட்டினால் வம்பு! அது விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச மின்சாரம். வேறு காரியத்துக்கு எடுத்தால் 2003-ம் ஆண்டு மின்சார சட்டம் 126-வது பிரிவில் வரும். கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். மகன் ஏற்றிய சார்ஜுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டி வரும்.

கடைக்காரருக்கு வியாபாரம்

இதில் சந்தோஷப்பட வேண்டியவர்கள் நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள். பெட்ரோல் கார் ஐந்து நிமிடத்தில் பறந்து விடும். மின்சார கார் 40 நிமிடம் நிற்கும். அதில் வந்தவர்கள் காபி குடிப்பார்கள், இட்லி சாப்பிடுவார்கள், கோவில்பட்டி கடலை மிட்டாயும் சாத்தூர் சேவும் வாங்குவார்கள்.

சார்ஜ் நிலையம் வைக்கத் தனி லைசென்சு தேவை இல்லை என்று மத்திய அரசு 2018-ம் ஆண்டிலேயே விளக்கம் கொடுத்து விட்டது. இடமும், தனி மின் இணைப்பும், முதலும் இருந்தால் யாரும் வைக்கலாம். கழிப்பறையும், நிழலும், ராத்திரி விளக்கும், கூப்பிட்டால் வருகிற ஒரு ஆளும் இருந்தால், காரில் வருகிறவர் அடுத்த முறையும் அங்கேயே நிற்பார்.

மருந்துக் கடை பெட்ரோல்

புது வண்டிக்கு இந்தப் பாடு புதிது அல்ல. 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை எடுத்துக் கொண்டு, இரண்டு மகன்களோடு 100 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். காரில் நடந்த முதல் நெடுந்தூரப் பயணம் அது. வழியில் எரிபொருள் தீர்ந்தது. அப்போது ஏது பெட்ரோல் பங்கு? ஒரு மருந்துக் கடையில்தான் வாங்கி ஊற்றினார்.

இன்று ஊருக்கு ஊர் பங்கு இருக்கிறது. பெட்ரோல் காரில் ஏறுகிறவர் 'வழியில நின்னுடாதா?' என்று கேட்பது இல்லை. கார் நல்ல கார் ஆனதால் மட்டும் அல்ல. வழி நல்ல வழி ஆனதால்.

உடனடியாக என்ன?

அதுவரை மின்சார காரில் வருகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கிளம்பும்போது முழுச் சார்ஜ் வேண்டும். வேகம் 90-க்குள் இருந்தால் நல்லது. பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்குவதற்குள் அடுத்த சார்ஜரை அடைந்து விட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் இன்னொரு இடம் பார்த்து வைத்து இருக்க வேண்டும். மதுரையைத் தாண்டும்போது, ஊருக்குப் போவதற்கும், ஊருக்குள் ஒரு நாள் சுற்றுவதற்கும் சேர்த்து ஏற்றிக் கொள்ள வேண்டும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கோவில்பட்டி சாலையிலும், எட்டயபுரம் சாலையிலும் ஒரே இடத்தில் நாலைந்து சார்ஜர், தனி டிரான்ஸ்பார்மர், கெட்டால் அன்றே பழுது பார்க்க ஆள். எத்தனை திறந்தோம் என்று கணக்குக் காட்டுவதோடு, எத்தனை ஓடுகிறது என்றும் கணக்குக் காட்ட வேண்டும்.

கார் இங்கேயே தயார் ஆகிறது. அதை ஓட்டிக் கொண்டு அம்மாவைப் பார்க்க வருகிற பிள்ளை, விளக்கு வைக்கும் முன் ஊர் வந்து சேர வேண்டாமா?