பூட்டு நம் கடையில், சாவி யார் கையில்?



ஆரணி என்றால் பட்டு. அதை விட்டால் அரிசி. இந்த இரண்டு வியாபாரத்திலும் இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பதிவு பெற்ற வியாபாரி தன் கணக்கை இணையம் வழியாகத்தான் தாக்கல் செய்ய முடியும். யாருக்கு எத்தனை புடவை கொடுத்தோம், எந்த நெசவாளருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எவ்வளவு சரிகை வாங்கினோம் என்ற விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். சமுதாய ஏட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம் வியாபாரத்தின் உயிர் எதில் இருக்கிறதோ, அது சமுதாயப் பிரச்சினைதான்.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. 2015 ஜூலையில் வெளியான அது பத்தாண்டுகள் உலகம் முழுவதும் ஓடியது. ஆதரவு நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பொருளல்ல. அது வழக்கம்போல ஓடும். ஆனால் திருடன் நுழையும் ஓட்டை ஒன்று புதிதாகத் தெரிய வந்தால், அதை அடைக்கும் திருத்தம் இனி தானாக வராது. கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரன் ஓடு மாற்ற வரமாட்டான்!

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற கேடு 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களும், ஆதரவு முடிந்த பழைய இயங்குதளங்களை வைத்திருந்தவர்களுமே மாட்டிக்கொண்டார்கள். நாளை அப்படி ஒன்று வந்து, தீபாவளிச் சீசனில் உங்கள் கடையின் மூன்று வருடக் கணக்கையும் பூட்டிவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர் வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கிய நல்ல நிலையிலுள்ள கம்ப்யூட்டருக்கு அங்கே அனுமதி இல்லை. இதனால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று ‘கேனலிஸ்’ ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணித்தது. ஓடிக்கொண்டிருக்கும் தறியை, மாடல் பழசு என்று சொல்லி அடுப்புக்கு விறகாக்குவார்களா?

புதிது வாங்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரும் நிறுவனங்கள் கட்டும் கம்ப்யூட்டர் மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் ‘ராம்’ விலை ஏறியது. சாதாரண மக்களுக்கு ‘குரூஷியல்’ என்ற பெயரில் ராம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் வந்ததும் சில்லறை வாடிக்கையாளரை எழுந்து போகச் சொன்ன கதைதான்.

மைக்ரோசாஃப்ட் ஒரு கால அவகாசமும் கொடுத்தது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டருக்கு 30 டாலர் கட்டினால், அல்லது அதன் கணக்கில் நுழைந்து நம் அமைப்புகளை அங்கே சேமிக்க ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. வணிக நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர். பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இது வாடகையை ஏற்றிக்கொண்டே போய் ஆளைக் காலி செய்யவைக்கும் முறை.

இனி ஒளிவு மறைவில்லாமல் ஒரு விஷயம் பேசுவோம். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸுக்கு ரசீது இருக்கிறதா? “எல்லாம் போட்டுக் கொடுத்துட்டேன் பாய், கவலைப்படாதீங்க” என்று அசெம்பிள் செய்து தந்தவர் சொன்னாரே, அந்த ‘எல்லாம்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

விசைத்தறியில் ஓட்டிய செயற்கை இழைச் சேலைக்குப் போலி சில்க் மார்க் அட்டையைக் கட்டி, ‘ஆரணி கைத்தறிப் பட்டு’ என்று ஒருவன் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியும் அல்லவா? பாவு ஓட்டியவன், சாயம் தோய்த்தவன், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவன் எல்லாருடைய உழைப்பையும் அவன் திருடினான் என்போம். கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. நம் பொருளைப் போலி செய்தால் திருட்டு. அடுத்தவன் பொருளைப் போலியாகப் பயன்படுத்தினால் சாமர்த்தியமா? அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயத்தைத் திருக்குர்ஆனில் பெற்ற சமுதாயம் நாம். எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவையும் ஷரீஅத் மதிக்கும் உரிமைகளே, அவற்றில் அத்துமீறக்கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானம் நிறைவேற்றியது.

நாட்டின் சட்டமும் சும்மா இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, போலி மென்பொருள் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. வியாபாரத்துக்காக அல்லாமல் பயன்படுத்தியவருக்குத்தான் அதில் சலுகைக்கு இடமுண்டு. நாம் வியாபாரிகள் என்பதை மறந்துவிடக்கூடாது!

இளைஞர்களுக்கு ஒரு கேள்வி. பாலஸ்தீன மக்களின் தொலைபேசிப் பேச்சுகளை இஸ்ரேலிய உளவுப் பிரிவு ஒன்று மைக்ரோசாஃப்டின் ‘அஷ்யூர்’ சேமிப்பில் குவித்து வைத்ததை 2025 ஆகஸ்டில் பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளேடு அம்பலப்படுத்தியது. செப்டம்பர் 25 அன்று அந்தப் பிரிவுக்கான சில சேவைகளை நிறுத்திவிட்டதாக மைக்ரோசாஃப்டே அறிவிக்க வேண்டிவந்தது. செய்தி வந்தபோது நம் இளைஞர்கள் கொதித்தார்கள். புறக்கணிப்போம் என்றார்கள். கொதித்தது நியாயம். ஆனால் அந்தக் கண்டனச் சுவரொட்டியை எந்த இயங்குதளத்தில் வடிவமைத்தீர்கள்? காசு கொடுக்காமல் எடுத்தால் அது புறக்கணிப்பு ஆகிவிடாது. போலிப் பதிப்பில் பழகும் ஒவ்வொரு கையும் நாளைக்கு அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் கைதான். அது இல்லாமல் நம் வேலை நடக்கும் என்று காட்டுவதுதான் உண்மையான புறக்கணிப்பு.

சாவி பிறர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்ய ரோஸ்நெஃப்ட் பங்குதாரர். ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், 2025 ஜூலையில் நயாராவின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கட்டணம் கட்டியிருந்தும், தன் சொந்தத் தகவல்களே தனக்குக் கிடைக்கவில்லை என்று நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. பிறகே சேவை திரும்பியது. எண்ணெய் ஆலைக்கே இந்தக் கதி என்றால் நம் கடைகள் எம்மாத்திரம்?

மாற்று வழி இருக்கிறதா? தாராளமாக இருக்கிறது. ஆரணிக்காரர்களுக்கு அதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் ஓடும் துளையிட்ட அட்டைகளைப் பாருங்கள். எந்த இழை தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று அட்டையின் துளை சொல்கிறது. பட்டுக்குப் பெயர்போன பிரான்சின் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் ஜக்கார்டு அமைத்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், கணக்குப்போடும் இயந்திரத்தையும் அட்டையால் இயக்கலாம் என்று இங்கிலாந்தின் பாபேஜ் திட்டமிட்டார். கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது அந்த அட்டைக் கட்டின் பேரன்!

அட்டையில் ஒரு துளை தவறினால் முந்தியில் மயிலின் கழுத்து கோணும். நெசவாளர் அட்டையைக் கழற்றிப் பார்ப்பார், தவறைத் திருத்துவார், வேறு டிசைன் வேண்டுமானால் அட்டையை மாற்றுவார். அட்டைப் பெட்டிக்குச் சீல் வைத்து, திறக்கக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது, பத்து வருடம் ஆனால் தறியையும் மாற்று என்று ஒருவன் சொன்னால் ஒத்துக்கொள்வாரா? விண்டோஸ் சீல் வைத்த பெட்டி. லினக்ஸ் திறந்த அட்டைக் கட்டு. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பது சட்டப்படியும் சரி, மார்க்கப்படியும் குற்றமில்லை. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இன்று ஆண்ட்ராய்டு செல்போனின் அடித்தளமாக உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைவந்தது நம் பிள்ளைக்கு வராதா? கற்றுத்தர விழுப்புரத்தில் லினக்ஸ் பயனாளர் குழு இயங்குகிறது. தமிழிலேயே படிக்க ‘கணியம்’ இருக்கிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டாலி நேரடியாக லினக்ஸில் ஓடாது. சேலை டிசைன் போடும் மென்பொருட்கள் பலவும் அப்படியே. எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வியாபாரிகள் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, இன்றே கணக்குகளை ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும்.

இரண்டாவது, டாலி ஓடும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் முறையாகக் காசு கொடுத்து உரிமம் பெற்ற விண்டோஸ் 11 வையுங்கள். அதில் சினிமா, விளையாட்டு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, மற்ற பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள். கடிதம், விலைப்பட்டியல், மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. தளம், வங்கி எல்லாம் அதில் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் அவை வேலை செய்கின்றனவா என்று முதலில் சோதித்துவிட்டு மாறுங்கள்.

இளைஞர்களே! அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் ‘அல்காரிதம்’ என்ற சொல் வந்தது என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மைதான். ஆனால் அவர் பாக்தாதில் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் என்ன போட்டோம்? பழம்பெருமை பேசும் நேரத்தில் பாதியை ஒதுக்கினால் போதும், மூன்று மாதத்தில் லினக்ஸ் நிறுவவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம்.

மஹல்லாவுக்கு ஐந்து இளைஞர்கள் முன்வரட்டும். மதரஸா கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாம் போடுங்கள். பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவருபவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளோடு நிற்க வேண்டாம். நம்மோடு தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் நெசவாளச் சகோதரர்களின் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தறியில் அவர்கள், கடையில் நாம் என்று பிணைந்து வாழும் ஊர் இது. ஒருவர் கணக்குப் பூட்டப்பட்டால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது.

வியாபாரப் பெருமக்களே! அந்த இளைஞர்களுக்கு முகாம் நடத்த ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர் கொடுங்கள். உங்கள் பெட்டியிலுள்ள திருட்டுப் பதிப்பை முதலில் அவர்கள் கையால் அழிக்கச் சொல்லுங்கள். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்கும் நாம், கணக்கு எழுதும் பெட்டியும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.